வேரில் இருக்கிறது அடுத்த வெள்ளாமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கம்பத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போடப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஒட்டுக்கன்று நடுவதென்றால் எந்த வேர்ச்செடி வேகமாக வளரும் என்று கேட்டிருக்கிறாய். வேகத்தை மட்டும் பார்த்து வேரைத் தேர்ந்தெடுக்காதே என்பதுதான் என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திராட்சையை வேறொரு வேரில் ஒட்டும் வழக்கம் ஓர் அழிவின் பின்னே பரவியது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பேன், பிரான்சின் தோட்டங்களை அடுத்தடுத்துப் பட்டுப்போகச் செய்தது. 1868இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடன் ஆய்ந்தவர்களும் அதைக் கொடிகளின் வேரில் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளின் வேர் அந்தப் பேனைத் தாங்கியது. அந்த வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டித் தோட்டங்களை மீட்டார்கள். ஆனால் வேர், பூச்சியைத் தடுப்பதோடு நிற்பதில்லை. கொடி எப்போது வளர வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

கவாத்து செய்த கொடியில் இலை இல்லை. அப்படியானால் புதுத் துளிர் எதைத் தின்று வளர்கிறது? வேரிலும் தண்டிலும் கிடக்கும் மாவுச்சத்தையும் தழைச்சத்தையும்தான். இளம் இலை ஏறக்குறையப் பாதி வளரும்வரை வாங்குமே தவிர, கொடுக்காது. அதனால் பூக்கும் சமயத்தில் இருப்பு மிகவும் குறைந்துவிடும். இலைகள் முற்றி, கொடியின் நுனி வளர்ச்சி தணிந்த பிறகே மிச்சச் சர்க்கரை வேருக்கு இறங்கும். வேர் ஒரு குதிர். அறுவடைக்குப் பிறகும் பசுமையாக நிற்கும் இலைகளே அதை நிரப்புகின்றன.

இனி வேர்ச்செடிகளைப் பார். ஆற்றங்கரை இனமான ரிப்பேரியாவிலிருந்து வந்த 'ரிப்பேரியா குளோர்' மேலாக வேர்விடும், அடக்கமாக வளரும், பழம் சீக்கிரம் முதிரும். ஆனால் வறட்சி தாங்காது. '110 ரிக்டர்' ஆழமாக வேரோடி வறட்சியைத் தாங்கும். நீர் கிடைத்தால் நெடுநாள் வளர்ந்து முதிர்ச்சியைத் தள்ளிப்போடும். டெக்சாஸிலிருந்து வந்த 'டாக்ரிட்ஜ்' உப்பையும் நூற்புழுவையும் சமாளிக்கும். அதனால்தான் மகாராஷ்டிரத்தில் அது பரவியது. ஆனால் கொழுத்த மண்ணில் அதை அடக்குவது கடினம். நுனி ஓயாமல் ஓடும். சர்க்கரை நுனிக்கே போகும். அடர்ந்த தழை மொட்டுகளுக்கு நிழலிடும். அடுத்த வெள்ளாமையின் கொத்துகளோ, இப்போதைய மொட்டுக்குள்தான் உருவாகின்றன. அதற்கு வெளிச்சம் வேண்டும். பந்தல் பச்சைப்பசேலென்று இருந்தும் காய்ப்பு குறைவதற்கு இதுவே ஒரு காரணம்.

குளிர்நாட்டுக் கொடி இலையுதிர்த்து மாதக்கணக்கில் உறங்கும். மகாராஷ்டிரத்தில் ஏப்ரல் கவாத்துக்குப் பின் காய் எடுக்காமல் கொம்பை மட்டும் தேற்றி, அக்டோபர் கவாத்தில்தான் காய்க்க விடுகிறார்கள். நம் கம்பத்துக் கொடிக்கு அந்த உறக்கமும் இல்லை, காய் எடுக்காத அந்தப் பருவமும் இல்லை. கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் பிறகு சுமார் இரண்டு மாதமே மிஞ்சும். இருப்பு நிரம்ப வேண்டிய காலம் அதுதான். விலை நன்றாக இருக்கிறதென்று அதையும் சுருக்கினால் கொடி காலிக் குதிரோடு துளிர்க்கும். அந்தக் குறையை எந்த வேர்ச்செடியாலும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடு. நூற்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். உப்பும் புழுவும் இருந்தால் டாக்ரிட்ஜ் சரி. அப்போது இடைவெளியைக் கூட்டு, தழைச்சத்தைக் குறை, நுனியைக் கிள்ளு. இரண்டும் இல்லாத வளமான மண்ணுக்கு அவ்வளவு முரட்டு வேர் தேவையில்லை. எந்த வேரானாலும் கொத்துகளை அளவாக விடு. அறுவடை முடிந்ததும் நீரை நிறுத்தி இலைகளைக் காயவிடாதே. அடுத்த கவாத்துக்கு முன் நன்றாகப் பழுப்பேறிய கொம்பு ஒன்றை வெட்டி, வெட்டுவாயில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடு. கருநீலமாக மாறினால் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது; நிறம் வெளிறியிருந்தால் இன்னும் சில நாள் பொறு.

முடிந்தால் இரண்டு வகை வேர்ச்செடிகளைப் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டு, ஒவ்வொரு வெள்ளாமைக்கும் கொத்து எண்ணிக்கையைக் குறித்து வா. முதல் அறுவடையைப் பார்த்து எந்த வேருக்கும் தீர்ப்புச் சொல்லிவிடாதே. ஆண்டுக்கு ஆண்டு குறையாமல் காய்க்க வைப்பது எதுவோ, அதுவே உன் மண்ணுக்கு ஏற்ற வேர்.

அன்புடன்,
அண்ணன்