உறைபனியில் சைக்கிள்: வெளியிலா, வீட்டுக்குள்ளா?

பின்லாந்தின் ஓவுலு நகரில் உறைபனிக் காலத்திலும் பலர் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே சைக்கிள் பாதைகளில் பனியை அகற்றிப் பராமரிக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால், 0 டிகிரியை ஒட்டிய காலைகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பகலில் உருகி இரவில் உறைந்த நீர், கண்ணுக்கு எளிதில் தெரியாத படலமாகச் சாலையில் கிடக்கும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் பாலங்கள்தான் முதலில் உறையும். போயே ஆகவேண்டுமா? ஆணி பதித்த டயர் அவசியம், முன்சக்கரத்துக்காவது மாட்டுங்கள். வளைவில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் பொருத்தி மிதிக்க உதவும் கருவி) மிதிப்பவர்கள் முதலில் வைத்துக்கொள்ள வேண்டியது மின்விசிறி. எதிர்காற்று இல்லாததால் உடல் சீக்கிரம் சூடேறி வியர்வை கொட்டும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கைப்பிடியில் வழியும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். உப்பு உலோகத்தை அரித்துவிடும்.

சாலை பளபளத்தால் வீட்டிலேயே மிதியுங்கள்.