மூணு நாட்டுக்கு ஒரே இட்லிப் பொடி: தங்கச்சிக்கு அக்கா தர்ற டிப்ஸ்

தங்கச்சி, சிங்கப்பூருக்கு ஒண்ணு, லண்டனுக்கு ஒண்ணு, அமெரிக்காவுக்கு ஒண்ணுன்னு மூணு டொமைன் வாங்கப் போறியாமே. காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு.

வெள்ளானூர்ல நீ வறுத்து அரைக்கிற அதே பொடிதான் மூணு ஊருக்கும் போகுது. ஒரே பக்கத்தைக் காப்பியடிச்சு விலையை மட்டும் மாத்தினா, கூகுள் மூணையும் ஒரே பக்கமாத்தான் எடுத்துக்கும். அதுல ஒண்ணைப் பொறுக்கி, பெரும்பாலும் அதையே காட்டும். 'டூப்ளிகேட்டுக்கு பெனால்டி'ன்னு பயமுறுத்திக் காசு கறக்குறவங்களை நம்பாதே, அப்படித் தண்டனை எதுவும் இல்லை. நஷ்டம் வேற இடத்துல. லண்டன்ல தேடுறவங்க முன்னாடி சிங்கப்பூர் டாலர் விலை போட்ட பக்கம் வந்து நிக்கும்.

ஒரு டாட் காம் போதும். அதுக்குள்ளே நாட்டுக்கு ஒரு ஃபோல்டர் போடு. யார் லிங்க் கொடுத்தாலும் எல்லாம் ஒரே சைட்டுக்குச் சேரும். டாட் எஸ்ஜி, டாட் கோ டாட் யுகே எல்லாம் எந்த நாட்டுக் கடைன்னு பளிச்சுனு காட்டும், அது உண்மைதான். ஆனா அங்கே குடோனும் ஆளும் வெச்சிருக்கிற கம்பெனிக்குத்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். அம்பத்தூர் எஸ்டேட்ல பார்ட்ஸ் செஞ்சு வெளிநாட்டுல ஆபீஸ் போட்டவங்க பண்ணட்டும், உனக்கு இப்ப எதுக்கு?

அடுத்து எச்ரெஃப்லாங் டேக். 2011ல கூகுள் கொண்டுவந்தது. இந்தப் பக்கத்துக்கு அந்த நாட்டு ஜோடி எதுன்னு சொல்ற குறிப்பு. அ பக்கம் ஆ-வைக் காட்டினா, ஆ-வும் திரும்ப அ-வைக் காட்டணும், இல்லைன்னா கணக்குல எடுக்காது. பிரிட்டனுக்கு கோடு ஜிபி, யுகே இல்லை. நிறைய பேர் சறுக்குறது இங்கேதான். எது மூலப் பக்கம்னு கூகுளுக்குச் சொல்ற கேனானிக்கல் டேக்ல ஒவ்வொரு பக்கமும் தன்னையே காட்டட்டும். எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பி விட்டா எச்ரெஃப்லாங் போட்டும் புண்ணியமில்லை. இன்னொண்ணு, இந்த டேக் உன்னை மேலே ஏத்தாது. ஏற்கெனவே வர்ற இடத்துல சரியான நாட்டுப் பக்கத்தை மாத்தி வைக்கும், அவ்வளவுதான். பழைய யூடியூப் வீடியோல கூகுளோட சர்ச் கன்சோல்ல நாட்டைத் தேர்வு பண்ணச் சொல்லுவாங்க. அந்த வசதியை 2022லயே எடுத்துட்டாங்க, தேடி அலையாதே.

வர்றவங்க எந்த நாடுன்னு பார்த்துத் தானா வேற பக்கத்துக்குத் தள்ளி விடாதே. கூகுளோட ரோபோ பெரும்பாலும் அமெரிக்காவுல இருந்துதான் வரும். அமெரிக்கப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடும். மேலே 'உங்க நாட்டுப் பக்கத்துக்குப் போகணுமா?'ன்னு ஒரு பட்டை வெச்சாப் போதும்.

இதெல்லாம் டெவலப்பர் வேலை. உன் கையில இருக்கிறது பக்கத்துல என்ன எழுதுறேங்கிறதுதான், ரேங்க்குக்கும் அது முக்கியம். இட்லிப் பொடியையே எடுத்துக்கோ. அதுல எள்ளு இருக்கு, பெருங்காயம் இருக்கு. கடைப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பிரிட்டன்ல 14 அலர்ஜிப் பொருளை லேபிள்ல தனியாத் தெரியுற மாதிரி காட்டணும். எள்ளு, கோதுமை, பொடியில கடுகு சேர்த்தா அதுவும், மூணுமே அந்தப் பட்டியல்ல இருக்கு. அமெரிக்காவுல எள்ளு 2023 ஜனவரி 1ல இருந்துதான் பட்டியல்ல வந்துச்சு. கடுகு இன்னும் இல்லை. லேபிளே ரெண்டு விதமாப் போகணும்னா, பக்கம் எப்படி ஒண்ணா இருக்கும்? சேர்க்கைப் பொருள், அந்த நாட்டுக் காசுல விலை, எத்தனை நாள்ல வரும், வழியில உடைஞ்சா யார் பொறுப்பு, அந்த ஊர்லயே வாங்கினவங்க எழுதின ரிவ்யூ, இதெல்லாம் போட்டாலே மூணு பக்கமும் தன்னால மூணு விதமாயிடும். இதை எழுத ஏஜென்சி வேண்டாம், உன் ஆர்டர் நோட்டே போதும்.

ஒரு நாட்டைப் பத்தி இப்படித் தனியா எழுத ஒண்ணுமே இல்லையா? அந்த நாட்டுக்குப் பக்கமே போடாதே. சர்ச் கன்சோல்ல பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, நாடுகள்ங்கிற டேப்பைப் பாரு. மூணு மாசத்துக் கிளிக் எங்கேருந்து வருதுன்னு தெரியும். முதல் ரெண்டு நாட்டை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. அமெரிக்கா அதுல இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.