பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

நாகூர் கந்தூரி நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு வீட்டின் ஓர் அறையை நாள் வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. அந்த வருமானத்தைக் குறிவைக்கும் மோசடிகளை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் வகை: போனில் ஒருவர் ஸலாம் சொல்வார். ராணுவத்தில் வேலை என்பார். அடையாள அட்டையின் படமும் அனுப்புவார். வாடகையில் பேரம் பேசமாட்டார், அறையைப் பற்றியும் கேட்கமாட்டார். அட்வான்ஸ் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார். போட்டால் நம் பணம் போய்விடும். பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் என்பது பணம் கொடுக்க நாம் போடும் கையெழுத்து.

இரண்டாம் வகை: “2,000 ரூபாய்க்குப் பதில் 20,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்” என்று அவசரப்படுத்துவார். பணம் வந்ததாக வந்த எஸ்எம்எஸ் போலியாக இருக்கும். வங்கிக் கணக்கின் இருப்பை நாமே பார்க்க வேண்டும். உண்மையிலேயே கூடுதலாக வந்திருந்தால், நாமாகத் திருப்பி அனுப்பாமல் வங்கியிடம் சொல்வோம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.

வீட்டில் போனை எடுப்பவர் உம்மாவாக இருந்தாலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தாலும், இதை இன்றே சொல்லி வைப்போம்.