தவணைக்கு வீடு விற்கிறீர்களா? வருமான வரிக்கு 10 குறிப்புகள்

நெருப்பெரிச்சல், பூலுவப்பட்டி பக்கம் சொந்த வீட்டையோ லைன் வீடுகளையோ விற்கும்போது, “பாதி இப்போ தர்றேனுங்க, மீதி ஷிப்மென்ட் பணம் வர வரத் தந்துடறேன்” என்று வாங்குபவர் கேட்பதுண்டு. ஒப்புக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் வருமான வரி தவணைக்குக் காத்திருக்காது. கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. கிரயம் ஆகும் நிதியாண்டிலேயே முழு லாபத்துக்கும் வரி உண்டு. மீதிப் பணம் எப்போது வந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் தவணை வர வர வரி கட்ட வழி இருக்கிறது. அங்குள்ள உறவினர் சொல்வதை இங்கே பின்பற்றாதீர்கள்.

2. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 60 லட்சத்துக்கு விற்கிறீர்கள். கையில் வந்தது 20 லட்சம். லாபம் 35 லட்சம். அதற்கு 12.5 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 4,55,000 ரூபாய். முதல் தவணையிலேயே இதை ஒதுக்கி வையுங்கள்.

3. மேலே சொன்ன விகிதம் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு. அதற்குள் விற்றால் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடானால், பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்து 20 சதவீதம் போட்டும் பாருங்கள். எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம்; அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

4. சாவியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து சுவாதீனமும் கொடுத்துவிட்டால், கிரயப் பத்திரம் ஆகாமலே விற்றதாகக் கருதி வரி வரும். பெரும்பகுதிப் பணம் வந்தபின் சுவாதீனமும் கிரயமும் கொடுப்பதே பாதுகாப்பு.

5. வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். அது விற்கும் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பையே விலையாக வைத்து வரி போடுவார்கள்.

6. அட்வான்ஸ், தவணை எதுவானாலும் வங்கி வழியே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே உங்களுக்கு அபராதம் வரலாம்.

7. விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் இது உண்டு: 10 லட்சம் தவணையானால் 10,000 ரூபாய். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

8. மீதிப் பணத்துக்கு வட்டி பேசினால் அதை விலையோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். வட்டி, வந்த ஆண்டின் பிற வருமானம். உங்கள் வரி வரம்புப்படி அதற்குத் தனியே வரி உண்டு.

9. வரிச் சலுகைக்கான கெடு கிரயத் தேதியிலிருந்து ஓடும். வேறு வீடு வாங்க 2 ஆண்டு, கட்ட 3 ஆண்டு, ஆர்இசி, பிஎஃப்சி போன்ற பத்திரங்களில் போட 6 மாதம். பத்திரங்களுக்கு உச்சவரம்பு 50 லட்சம். வீட்டுக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் கெடுவுக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

10. வராத பணத்தை “முழுதும் பெற்றுக்கொண்டேன்” என்று கிரயப் பத்திரத்தில் எழுத விடாதீர்கள். சூரத் அருகே ஒரு நிலம் 2009-ல் 36 காசோலைகளுக்கு விற்கப்பட்டது. பெரும்பாலான பணம் வரவில்லை என்று விற்றவர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். விலை முழுதும் வராதது மட்டுமே கிரயத்தை ரத்து செய்யக் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பாக்கித் தொகை, தவணைத் தேதிகள், பாக்கி தீரும்வரை சொத்தின் மேல் உங்களுக்குள்ள உரிமை ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பத்திர எழுத்தரிடம் போகும் முன்பே, ஒப்பந்த நகலோடு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். கிரயம் முடிந்தபின் தேதியை மாற்ற எந்த ஆடிட்டராலும் முடியாது.