மோடி ஆவணக் கட்டுகளும் ஆவணக் காப்பாளர் நியமனமும்: தஞ்சை அரண்மனைப் பதிவேடுகளை முன்வைத்து

முன்னுரை

தஞ்சை மராட்டியர் அரண்மனையில் எழுதப்பெற்ற மோடி எழுத்து ஆவணங்கள் காவிரிப் படுகையின் சமூக, பொருளியல் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். தஞ்சாவூர் மகாராஜா சரபோஜியின் சரசுவதி மகால் நூலகத்தில் இவ்வகையில் 1,342 கட்டுகள் உள்ளன எனக் கணக்கிடப்பெற்றுள்ளது. இத்தகைய தொகுதியை ஆய்வுக்கு உரியதாக்க எவரை, எவ்வரிசையில் பணியமர்த்த வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு முன்னர் ஆவணக் காப்பாளர் நியமிக்கப்பெற வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

1. ஆவணங்களின் இயல்பு

இவை ஓலைச்சுவடிகளைப் போலத் தனித்தனி நூல்கள் அல்ல. ஒரு நிறுவனம் தன் அன்றாட அலுவலின்போது எழுதிவைத்த பதிவேடுகள். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. இரண்டாம் சரபோஜி மன்னரிடம் கோட்டையும் அதனைச் சார்ந்த பகுதியும் எஞ்சின. சத்திரங்களின் நிருவாகமும் அரண்மனைப் பொறுப்பில் தொடர்ந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுக்குரிய கட்டுகளில் அரண்மனைச் செலவு, சத்திரக் கணக்கு, பணியாளர் ஊதியம், மருத்துவம், கலை ஆதரவு முதலியன மிகுதியாக இடம்பெறுகின்றன. அதே காலத்து நிலவரிச் செய்திகளைக் கம்பெனியாரின் மாவட்ட ஆவணங்களில் தேட வேண்டும். ஒரு சத்திரத்துக்கு வந்த நெல்லின் வரலாற்றை முழுமையாக அறிய இவ்விருவகை ஆவணங்களையும் இணைத்துக் காண்பது இன்றியமையாதது.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் அரண்மனை உடைமைகள் குறித்து எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1986இல் சங்கமாகப் பதிவுசெய்யப்பெற்றது. எழுதிய அலுவலகம் மறைந்து, உடைமையாளரும் நிருவாகமும் மாறிய இந்நெடும் பயணத்தில் கட்டுகள் எவ்வாறு கைமாறின என்பதும் ஆவண விளக்கத்தின் ஒரு பகுதியாக அமைதல் வேண்டும்.

2. தேர்ந்தெடுத்தலும் ஒழுங்குபடுத்தலும்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தோன்றியபின் மோடி ஆவண ஆய்வு புதிய நிலையை எய்தியது. கே.எம். வேங்கடராமையா 1984இல் வெளியிட்ட மராட்டிய மன்னர் கால அரசியல், சமுதாய வாழ்க்கை பற்றிய நூலும், 1989இல் மூன்று தொகுதிகளாக வந்த மோடி ஆவணத் தமிழாக்கமும் குறிப்புரையும் மராட்டி அறியாத ஆய்வாளருக்குப் பெருங்கொடைகளாயின.

எனினும் தமிழாக்கம் தேர்வின் வழிப்பட்டது. எதனை மொழிபெயர்ப்பது என்பதை அக்காலத்து ஆய்வு வினாக்களே முடிவுசெய்கின்றன. புணேயின் பேஷ்வா தப்தர் ஆவணங்களிலிருந்து கோவிந்த சகாராம் சர்தேசாய் 1930களில் பதிப்பித்த 45 தொகுதிகள் இதற்கு இணையான சான்று. அத்தொகுதிகள் மராட்டிய வரலாற்றாய்வை வளர்த்தன. எனினும் தேர்வுக்கு வெளியே நின்ற ஆவணங்களைத் தேடுவோர் இன்றும் ருமால் எனப்படும் துணிக்கட்டுகளையே நாட வேண்டியுள்ளது. தேர்வுத் தொகுதி ஒழுங்குபடுத்தலுக்கு மாற்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

3. கட்டின் ஒழுங்கே சான்று

ஆவணவியலின் அடிப்படை நெறிகள் இரண்டு. ஓர் அலுவலகத்தின் ஆவணங்களைப் பிறவற்றோடு கலவாமல் வைத்தல் ஒன்று. அவ்வலுவலகம் வைத்திருந்த வரிசையைக் குலையாமல் காத்தல் மற்றொன்று. 1841இல் பிரான்சில் பிறப்பிக்கப்பெற்ற சுற்றறிக்கையும் 1898இல் மூல்லர், பெய்த், பிரைன் எனும் டச்சு அறிஞர் மூவர் எழுதிய கையேடும் இவற்றை நிலைநிறுத்தின.

இந்நெறிகளின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தாளில் அரிசி இத்தனை கலம், நெய் இத்தனை படி என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். அத்தாள் ஒரத்தநாட்டு முத்தம்பாள்புரம் சத்திரத்தின் கட்டில் இருக்குமாயின், அச்சத்திரத்தின் அன்னதானக் கணக்காகும். ‘உணவு’ என்னும் பொருள் தலைப்பின்கீழ் வேறு தாள்களோடு சேர்க்கப்பெறின், எந்த இடத்தின் கணக்கு, யாருக்காக என்பன அறியவியலாதவை ஆகிவிடும். தாள் அழியாமலே சான்று அழியும் நிலை இது. நல்லெண்ணத்தோடு பொருள்வாரியாகப் பிரிப்பவராலும் இவ்விழப்பு நேரக்கூடும். பிரித்தபின் பழைய நிலைக்கு மீட்பதோ அரிது.

4. எழுத்தறிவும் கால அறிவும்

மோடி விரைவெழுத்து. எழுதுகோலை இயன்றவரை எடுக்காமல் எழுதப்படுவது. சொற்களிடையே இடைவெளி பெரும்பாலும் இராது. இகர, உகரங்களில் குறில் நெடில் வேறுபாடு பேணப்படுவதில்லை. மராட்டி மொழி வல்லாரும் தனிப் பயிற்சியின்றி இதனைப் படித்தல் இயலாது. 2014இல் மோடி ஒருங்குறியில் இடம்பெற்றமை கணினிப் பதிவுக்கு வழிதிறந்தது; ஆயினும் எழுத்தரின் கையை இனங்காணும் திறன் நெடுநாட் பழக்கத்தால் வருவது.

ஆண்டுக் குறிப்பிலும் கவனம் வேண்டும். மராட்டிய ஆவணங்களில் வரும் சுகூர் ஆண்டு அரபு எண்ணுப் பெயர்களால் எழுதப்பெறும். அதனோடு 599 அல்லது 600 கூட்டக் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். பசலி ஆண்டுக்கு 590உம் சக ஆண்டுக்கு 78உம் கூட்ட வேண்டும். எவ்வகை ஆண்டு என்பதைப் பிழைபடக் கொண்டால் ஆவணத்தின் காலமே மாறிவிடும்.

5. நியமன வரிசை

மேற்கண்டவற்றால் மூவகைப் பணியாளர் தேவைப்படுவது புலனாகும். முதலாமவர் ஆவணக் காப்பாளர். தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் கல்விப் பள்ளி அளிக்கும் பட்டயம் போன்ற முறையான பயிற்சி இவருக்கு வேண்டும். கட்டுகளை இருந்தவாறே எண்ணிட்டு, கட்டின் மேலுறைக் குறிப்பு, தாள் எண்ணிக்கை, அலுவலகம், காலம், தாளின் நிலை ஆகியவற்றைப் பதிதல் இவர் கடன். இரண்டாமவர் மோடி படிப்பாளர். ஒவ்வொரு கட்டிலும் சில தாள்களைப் படித்து முதலாமவரின் விளக்கத்துக்குத் துணைநிற்பவர். மூன்றாமவர் மொழிபெயர்ப்பாளர். முதல் இருவர் உருவாக்கும் பட்டியல் அமைந்தபின்னரே இவர் பணி பயன்தரும். எது மொழிபெயர்க்கப்பெற்றது, எது எஞ்சியுள்ளது என்பதை அப்பட்டியலே காட்டும்.

இப்பணியிடங்களுள் முதல் இரண்டேனும் நிலையானவையாக இருத்தல் தகும். குறுங்காலத் திட்ட ஊதியத்தில் அமர்த்தப்பெறுபவர் கையெழுத்துகளையும் கட்டுகளின் போக்கையும் அறிந்து தேறும் வேளையில் திட்டக்காலம் முடிந்துவிடும். அவர் பெற்ற அறிவும் அவரோடு வெளியேறும். அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவார். விலகுபவரின் பணிக்குறிப்புகளை ஆவணத் தொகுதியின் பகுதியாகவே பேணுதல் இவ்விழப்பைக் குறைக்கும்.

முடிவுரை

தஞ்சை மோடி ஆவணங்களின் எதிர்காலம் எத்தனை தாள்கள் மொழிபெயர்க்கப்பெறுகின்றன என்பதை மட்டும் பொறுத்ததன்று. மொழிபெயர்க்கப்பெறாத தாளும் தன் கட்டில், தன் இடத்தில், ஒரு வரி விளக்கத்தோடு இருக்குமாயின் பின்வரும் ஆய்வாளர் அதனைக் கண்டடைவார். அந்த ஒரு வரியை எழுதுவதற்குரியவரை முதலில் நியமிப்பதே ஆவணங்களைக் காக்கும் நிறுவனத்தின் முதற்கடமை என்பது இவ்வாய்வின் முடிபு.