ராணுவத்தில் இருந்து ரோந்து வண்டிக்கு: போலீஸ் கேரக்டருக்கு முன்கதை எழுதுவது எப்படி?

ஜிடிஏ 5 விளையாட்டின் லாஸ் சாண்டோஸ், லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்து உருவாக்கிய நகரம். ஃபைவ்எம் என்ற மோட் வழியாக அங்கே போலீஸ் ரோல்பிளே ஆடுபவர்கள் பலருக்கும் ராணுவ முன்கதை மீது தனி ஆசை. அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: நேவி சீல், குறி தப்பாத ஸ்னைப்பர், பத்தாண்டு போர்க்களம், வயது இருபத்தைந்து.

இந்தக் கணக்கு உதைக்கிறது: அமெரிக்கப் படைகளில் 17 வயதுக்கு முன் சேரவே முடியாது. எனவே முதல் வேலை, ஒரு தாளில் வயதுக் கணக்குப் போடுவது. 18-இல் சேர்ந்து நான்காண்டு பணி, 22-இல் வெளியே, போலீஸ் அகாடமியில் சுமார் ஆறு மாதம், 23-இல் முதல் ரோந்து. ராணுவத்தில் சார்ஜென்டாக இருந்தவரும் போலீஸில் அடிமட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். வயதுக் கணக்கு கதாசிரியர்களுக்கும் உண்டு: மைக்கேல் கானலியின் துப்பறிவாளர் ஹாரி போஷ், 1992-இல் வந்த முதல் நாவலில் வியட்நாம் சுரங்கங்களுக்குள் போரிட்டவர். தொலைக்காட்சித் தொடராக்கியபோது, காலம் ஒத்துவர அவரை வளைகுடாப் போருக்கு மாற்றினார்கள்.

அடுத்தது, படையில் பார்த்த வேலை. லாரி ஓட்டுநர், மருத்துவ உதவியாளர், ராணுவப் போலீஸ் என்று சாதாரண வேலையாக இருப்பதே நல்லது. ரோந்தில் தினமும் பயன்படும். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறைத் தலைவராக இருந்த வில்லியம் பிராட்டனே வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவப் போலீஸில் இருந்தவர்தான்.

பிறகு, பழக்கங்களைத் தேர்ந்தெடுக்கலாம். முன்கதையை வாயால் ஒப்பிக்கவே வேண்டாம், கை சொல்லட்டும். மருத்துவ உதவியாளராக இருந்தவர் குண்டடிபட்டவரின் தொடையில் பட்டையை இறுக்கி, கட்டிய நேரத்தை அதன்மேல் எழுதுகிறார். இதை, கேரக்டரின் செயலை எழுத்தில் காட்டும் "மீ" கட்டளையில் ஒரே வரியில் காட்டிவிடலாம். ரேடியோ இன்னும் அருமையான இடம். ராணுவத்தில் "ஆல்ஃபா, பிராவோ" என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் "ஆடம், பாய்" என்று சொல்லும். புதியவர் வண்டி எண்ணை "ஆல்ஃபா..." என்று தொடங்கி, சட்டென்று "ஆடம்" என்று திருத்திக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் பயிற்சி அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிடும்.

கடைசியாக, துப்பாக்கி. படைவீரர் என்றால் முதலில் சுடுபவர் என்றே பலர் ஆடுகிறார்கள். நடந்தது வேறு. 2016-இல் மேற்கு வர்ஜீனியாவின் வெயர்ட்டன் நகரில், ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் மரைன் வீரர் ஸ்டீபன் மேடர் புதிய காவலராக இருந்தார். கையில் துப்பாக்கியுடன் நின்ற இளைஞர் தன்னைச் சுடச் சொன்னார். மேடர் சுடவில்லை, ஆயுதத்தைக் கீழே போடும்படி பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த காவலர்களில் ஒருவர் அந்த இளைஞரைச் சுட்டுக் கொன்றார். இளைஞரின் துப்பாக்கியில் தோட்டாவே இல்லை. மேடருக்கு வேலை போனது. வழக்குத் தொடுத்தார், 2018-இல் 1,75,000 டாலருக்குச் சமரசமானது. சுடாமல் நின்றதற்கு ராணுவப் பயிற்சியும் காரணம் என்றார் அவர். இப்படி ஒரு தருணம் கிடைத்தால் ஒரு கேரக்டரை மாதக்கணக்கில் ஆடலாம்.

போர் தந்த மனக்காயத்தையும் சேர்க்கலாம். ஆனால் அது எல்லா வீரருக்கும் இருப்பதல்ல. உடன் ஆடுபவர்களில் உண்மையிலேயே அதை அனுபவித்தவர் இருக்கக்கூடும். காட்சி தொடங்கும் முன், கேரக்டருக்கு வெளியே வந்து, "இது உங்களுக்குச் சரியா?" என்று கேட்டுவிட வேண்டும்.