சூடேறாத மின்சாரக் குக்கர்

விறகடுப்பு எரியாவிட்டால் விறகு ஈரமா, சாம்பல் அடைத்திருக்கிறதா என்று நம் பாட்டிமார் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மின்சாரக் குக்கர் சூடேறாவிட்டாலும் அந்த முறையே நமக்கு வேண்டும். முதலில் அது வேலை செய்யும் விதத்தை அறிவோம்.

தானாகவே நின்றுவிடும் மின்சாரச் சோற்றுக் குக்கர் 1955-ஆம் ஆண்டு ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய யோஷிதாதா மினாமிக்காக, அவருடைய மனைவி ஃபுமிகோ பலமுறை சோறு வடித்துச் சோதனை செய்தார். சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே என்பதற்கு இது சான்றன்றோ!

இன்றைய எளிய குக்கரில் சூடேறும் தட்டின் நடுவே ஒரு காந்த அமைப்பு உண்டு. தண்ணீர் உள்ளவரை பாத்திரத்தின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதற்கு மேல் ஏறும். உடனே காந்தப் பிடி தளர்ந்து, சுவிட்ச் மேலெழும். பொத்தான்கள் உள்ள பல்பயன் குக்கரில் இவ்வேலையை வெப்பமறியும் கருவி செய்கிறது.

இனிச் சோதிக்கும் முறையைக் காண்போம்.

1. அதே சாக்கெட்டில் வேறொரு சாதனத்தை மாட்டிப் பாருங்கள். அதுவும் இயங்காவிட்டால் குறை குக்கரில் இல்லை.

2. பிளக்கைக் கழற்றியபின் வயரைப் பாருங்கள். அது கருகியோ வெடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும். குக்கரில் செருகும் முனை தளர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

3. தட்டுக்கும் பாத்திரத்திற்கும் இடையே ஒரு சோற்றுப் பருக்கை இருந்தாலும் பாத்திரம் சரியாகப் படியாது. தட்டு ஆறியபின் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

4. சூடு மந்தமாக இருந்தால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். 230 வோல்ட்டுக்குப் பதில் 160 வோல்ட்டே வந்தால், வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும் என்பது பாடத்தில் படித்ததுதானே!

5. இவையெல்லாம் சரியாக இருந்தும் விளக்கே எரியாவிட்டால், உள்ளிருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். விளக்கு எரிந்தும் தட்டு சூடேறாவிட்டால், சூடேற்றும் கம்பி அறுந்திருக்கலாம்.

ஐந்தாவது படி வந்ததும் நம் வேலை முடிந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வெப்ப ஃபியூஸை நீக்கிவிட்டு இரு வயர்களையும் நேராக முறுக்கிவிடுவோர் சிலர் உண்டு. குக்கர் சூடேறும், ஆனால் அளவு மீறிய சூட்டைத் தடுக்கும் காவல் போய்விடும். தீப்பற்றவும் கூடும். ஆகையால் அதே அளவுள்ள புதிய ஃபியூஸையே போடச் சொல்லுங்கள்.

தொப்பூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள மேட்டூரில், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீரிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். மதகுகளாலும் கரைகளாலும் கட்டுப்படுத்தப்பட்ட நீரே நமக்குப் பயன் தருகிறது. மின்சாரமும் அத்தகையதே. ஈரக்கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் குக்கரை மாட்டாதீர்கள். இதை வீட்டில் அன்னையருக்கும் தங்கையருக்கும் சொல்லிக் கொடுங்கள்.